இலை ஓரத்தில் உப்பு

ஹைதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது குஷாய்குடா. 1967இல் தொடங்கிய இசிஐஎல் நிறுவனம், அதை உருவாக்கிய அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயர் தாங்கிய ஏ.எஸ். ராவ் நகர், சற்றுத் தள்ளி மௌலாலியின் அணு எரிபொருள் வளாகம், சர்லபள்ளித் தொழிற்பேட்டை. இவற்றுக்கு நடுவே நெருக்கிக் கட்டிய காலனி வீடுகள். அப்படி ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறும், சமையலறையில் ஆர்.ஓ. எந்திரமும், மதிலோரம் நர்சரியில் வாங்கி நட்ட ஒரு திராட்சைக் கன்றும் சேர்ந்துவிட்டால், யாரும் திட்டமிடாமலே ஒரு வேதியியல் சோதனை தொடங்கிவிடுகிறது.

ஆர்.ஓ. எந்திரம் உப்பை அழிப்பதில்லை. தண்ணீரை இரண்டாகப் பிரித்து, உப்பை ஒரு பக்கமாக ஒதுக்குகிறது. லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள நீர் உள்ளே போய், அதில் கால்வாசி குடிநீராக வெளியே வந்தால், மிச்ச நீரில் உப்பு ஏறத்தாழ 1,070 மில்லிகிராம் ஆகிவிடும். பாதி குடிநீராக வந்தால் 1,600ஐ நெருங்கும். அந்தக் கழிவுநீரைச் சாக்கடையில் விட மனமில்லாமல் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். சிக்கனம் நல்லதுதான். தரை துடைக்கலாம், கழிவறைக்குப் பயன்படுத்தலாம். திராட்சைக்கு ஊற்றினால்தான் வம்பு.

ஏப்ரல் கடைசியில் அடி இலைகளின் ஓரம் பழுப்பாகும். பிறகு அந்தப் பழுப்பு நரம்புகளுக்கு நடுவே உள்நோக்கி நகரும். பார்ப்பவர் வெயில் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு வாளி ஊற்றுவார், அதே தண்ணீரை.

கருகல் ஏன் ஓரத்தில் தொடங்குகிறது? வேர் உறிஞ்சிய நீர் தண்டு வழியாக ஏறி, இலைக் காம்பைக் கடந்து, நரம்புகளில் பிரிந்து, கடைசியில் இலையின் விளிம்பில் வந்து முடிகிறது. நீர் ஆவியாகிப் போய்விடும். அது சுமந்து வந்த சோடியமும் குளோரைடும் போக இடமின்றி அங்கேயே தங்கும். மூத்த இலைக்கு வயது கூடுதல் என்பதால் அது அதிக நாள் நீராவி விட்டிருக்கிறது, அதனால் அதிகம் சேர்த்திருக்கிறது. வெயில் கருகலில் இந்த ஒழுங்கு இருக்காது.

பயிர்கள் எவ்வளவு உப்பைப் பொறுக்கும் என்பதற்கு இன்றும் உலகெங்கும் பயன்படும் அளவுகோலை 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸும் ஹாஃப்மனும் தொகுத்தார்கள். மண்ணை நீரில் குழைத்துப் பிழிந்த சாற்றின் மின்கடத்துதிறன்தான் அளவு, மீட்டருக்கு டெசிசீமன்ஸ் அதன் அலகு. அவர்கள் அட்டவணையில் பார்லி 8 வரை தாங்கும், பருத்தி 7.7, நெல் 3. திராட்சைக்கு 1.5 மட்டுமே. அதைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் 9.6 விழுக்காடு சரியும். பாசன நீராகப் பார்த்தால் ஏறத்தாழ 1 டெசிசீமன்ஸ், அதாவது லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு வரைதான் திராட்சை முகம் சுளிக்காமல் குடிக்கும். குஷாய்குடா வாளியில் இருப்பது அதைவிட ஒன்றரை மடங்கு, இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கும் வேரோடிக் காய்க்கத் தொடங்கிய கொடிகளுக்கானது. ஓராண்டு நிறையாத கன்றுக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

இத்தனை வம்பான பயிர் எப்படி ஹைதராபாத்தின் அடையாளமானது என்ற கேள்வி எழும். இந்த நகரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ரகம் அனாப்-இ-ஷாஹி. நீளமான, வெளிர் மஞ்சள் நிறமான, விதையுள்ள பெரிய பழம். 1890 வாக்கில் அப்துல் பாகர் கான் என்பவர் இதை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தார் என்பது தோட்டக்கலை நூல்களின் பதிவு. ‘சல்கா’ என்று தெலுங்கில் சொல்லப்படும் செம்மணல் நிலம், வடிகால் குறையில்லாத சரிவு, குளிர்காலத்து வறண்ட காற்று எல்லாம் அதற்குப் பிடித்துப்போயின. நகரைச் சுற்றி மேட்சல், சாமீர்பேட்டை, கீசரா என்று கல்தூண் பந்தல்கள் பரவின. நகரின் மறுகோடியில் ராஜேந்திரநகரில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது.

பந்தல்கள்தான் குறைந்துவிட்டன. மனை விலை, கூலி, மருந்துச் செலவு, வற்றிய கிணறு என்று காரணங்கள் பல. கிணறு வற்றினால் ஆழ்துளை, அதுவும் வற்றினால் இன்னும் ஆழம். இந்தப் பகுதி முழுக்கக் கருங்கல் பாறை. பாறை விரிசல்களில் நெடுங்காலம் தேங்கிய நீரில் பாறையின் தாதுக்கள் கரைந்திருக்கும். சோடியமும் பைகார்பனேட்டும் ஃபுளோரைடும் அங்கிருந்து வருபவை. பக்கத்து நல்கொண்டாவின் ஃபுளோரைடு துயரம் நாடறிந்தது. அதோடு நகரத்தின் சாக்கடையும் ஆலைகளின் கழிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை திருப்பூரின் சாயக்கழிவுத் தொட்டியாகி, அதன் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது.

இந்திய திராட்சைத் தோட்டத்தின் நாட்காட்டியும் கன்றுக்கு எதிராகவே இருக்கிறது. பழைய முறையில் போத்தை வெட்டி நேரே நட்டுவிடுவார்கள், அதன் வேரே அதற்கு. மண்ணிலும் நீரிலும் உப்பு ஏறி, வறட்சியும் சேர்ந்ததும், தீபகற்ப இந்தியாவின் திராட்சைக்காரர்கள் வேர்ச்செடிக்கு மாறினார்கள். அதாவது உப்பையும் வறட்சியையும் தாங்கும் வேறொரு திராட்சை இனத்தை முதலில் நட்டு, அதன்மேல் தாம்ஸன் சீட்லெஸ் போன்ற ரகத்தை ஒட்டுவது. வேர்ச்செடியைப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் நடுகிறார்கள். ஆகஸ்டு, செப்டம்பரின் ஈரக்காற்றில் ஆப்பு ஒட்டு கட்டுகிறார்கள். இடையில் இருப்பது ஏப்ரல், மே, ஜூன் தொடக்கம். ஆண்டிலேயே நிலத்தடி நீர் மிகக் கீழே போய், மிக உப்பாக இருக்கும் மாதங்கள். கன்றின் வேரோ மேல்மண்ணின் ஓரடி ஆழத்தில். ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்வதும் அதே ஓரடியில்தான். வளர்ந்த கொடிக்குப் பருத்த தண்டும் ஆழமான வேரும் உண்டு, கொஞ்சம் சோடியத்தை அங்கே ஒதுக்கி வைத்துக்கொள்ளும். கன்றுக்கு ஒதுக்க இடமில்லை, வருவதெல்லாம் இலைக்கே போகும்.

இந்த மூன்று மாதங்களைக் கடத்திவிட வழி தேடியபோதுதான் இலைமேல் வைட்டமின் தெளிக்கும் யோசனை வந்தது. கேட்டவுடன் சிரிப்பு வரும் யோசனை. வேரில் உப்பு, மருந்து இலையில். ஆனால் உப்பு ஒரு செடிக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

ரானா மன்ஸ், மார்க் டெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் எழுதிய விரிவான மதிப்பாய்வு உப்பின் தாக்குதலை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறது. முதல் கட்டம் நிமிடங்களில் தொடங்கும். வேரைச் சுற்றிய நீரில் உப்பு கூடியதும், அந்த நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கும், செடிக்கு அது வறட்சி. உடனே இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும், புதுத் தளிரின் வளர்ச்சி மந்தமாகும். இரண்டாம் கட்டம் நாட்களிலும் வாரங்களிலும் வருவது. சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்து, பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலைகளைக் கெடுத்து, மூத்த இலைகளைக் கொல்லும். திராட்சையில் குளோரைடு, சோடியம் இரண்டுக்குமே பயப்பட வேண்டும். ஆஸ்திரேலியர்கள் பல காலமாகக் குளோரைடைத்தான் முதல் எதிரியாகக் கருதினார்கள்.

தெளிப்பின் கதை முதல் கட்டத்தில் தொடங்குகிறது. இலைத்துளை சுருங்கினால் நீர் மிஞ்சும், ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் குறையும். ஒளி மட்டும் குறைவதில்லை. மே மாத ஹைதராபாத்தில் 42 டிகிரி வெயில். அடுப்பு முழுத் தீயில் எரிகிறது, மேலே வைக்கப் பாத்திரம் இல்லை. பச்சையம் பிடித்த ஒளியாற்றலால் கிளம்பிய எலக்ட்ரான்கள் சர்க்கரை தயாரிப்பில் போய்ச் சேர முடியாமல், பக்கத்தில் தாராளமாக இருக்கும் ஆக்சிஜன்மேல் தாவுகின்றன. பசுங்கணிகத்தில் எலக்ட்ரான்கள் இப்படி ஆக்சிஜனிடம் போவதை ஆலன் மெஹ்லர் 1951இல் காட்டினார். அதில் பிறப்பது சூப்பராக்சைடு. மூர்க்கமான மூலக்கூறு, அதிக நேரம் உயிரோடு இருக்காது.

அதை அடக்கும் நொதி செடிக்குள்ளேயே உண்டு. மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த ஒரு புரதத்துக்கு இந்த வேலை இருப்பதை 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர். அது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். பெராக்சைடு கொஞ்சம் சாது, ஆனால் இரும்பு அல்லது செம்பு அயனி பக்கத்தில் இருந்துவிட்டால் ஹைட்ராக்சில் என்னும் உச்சகட்ட முரடனாக மாறிவிடும். இந்த வினையின் அடிப்படையை ஹென்றி ஃபென்டன் 1894இலேயே பதிவு செய்திருந்தார். ஹைட்ராக்சில் தொட்ட இடத்தில் செல்லுறையின் கொழுப்பு கெடும், உறை ஓட்டையாகும், உள்ளிருக்கும் பொட்டாசியம் கசியும். சோடியம் நேரடியாகச் செய்வதாக நாம் நினைக்கும் சேதத்தில் கணிசமான பங்கு இந்த ஆக்சிஜன் குடும்பத்தின் கைவரிசை.

பெராக்சைடை உடனுக்குடன் தண்ணீராக்கும் வேலை பசுங்கணிகத்துக்குள் அஸ்கார்பேட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அஸ்கார்பேட் என்றால் வேறொன்றுமில்லை, வைட்டமின் சி. அது ஒரு பெராக்சைடை அடக்கும்போது தானும் செலவழியும். செலவானதைக் குளுட்டதையோன் என்னும் கந்தகச் சேர்மம் மீட்டுக் கொடுக்கும். குளுட்டதையோனையும் மீட்க வேண்டும், அதற்கான ஆற்றல் மறுபடி ஒளியிலிருந்தே வரும். கிறிஸ்டின் ஃபாயர், பாரி ஹாலிவெல், கோஸி அஸாதா மூவர் பெயராலும் வழங்கும் இந்தச் சுழற்சி, ஆரோக்கியமான இலையில் நாளெல்லாம் சத்தமின்றி ஓடுகிறது. உப்பில் நிற்கும் கன்றில் செலவு வரவை மிஞ்சிவிடுகிறது. அந்த இடைவெளியை வெளியிலிருந்து நிரப்பலாமே என்பதுதான் தெளிப்பின் தர்க்கம்.

திராட்சைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வைட்டமின் சியை முதலில் பிரித்தெடுத்த ஹங்கேரியர் ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி 1937இல் நோபல் பெற்றார். அந்த வைட்டமினைத் திராட்சை வேறெதற்கோ செலவழிக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. 1969இல் ஜப்பானின் சைட்டோவும் காசாயும் கதிரியக்கக் கரிமம் ஏற்றிய அஸ்கார்பிக் அமிலத்தைத் திராட்சைக் காய்க்குக் கொடுத்தார்கள். அந்தக் கரிமம் டார்டாரிக் அமிலத்தில் வந்து நின்றது. திராட்சையின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலமே. நம் ஊரில் புளிக்கும் அதுதான் காரணம். திராட்சையில் இந்த மாற்றத்தின் நடுவே நிற்கும் ஒரு நொதியின் மரபணுவை 2006இல் ஆஸ்திரேலியாவில் சேத் டிபோல்ட், கிறிஸ்டோபர் ஃபோர்டு குழுவினர் அடையாளம் கண்டார்கள். ஆக, திராட்சை தன் வைட்டமின் சியில் ஒரு பகுதியைப் புளிப்பாகவே மாற்றிக்கொள்ளும் பழக்கமுள்ளது. தெளித்ததெல்லாம் பாதுகாப்புக்கே போகும் என்று எதிர்பார்ப்பது அதன் சுபாவத்தைத் தெரியாமல் பேசுவது.

எகிப்து, ஈரான், துருக்கி போன்ற உப்பு நீர் நாடுகளில்தான் இந்தத் தெளிப்புச் சோதனைகள் அதிகம் நடந்திருக்கின்றன. சோதனையின் வடிவம் பெரும்பாலும் ஒன்றே. ஓராண்டுக் கன்றுகளைத் தொட்டியில் மணலில் நட்டு, படிப்படியாக உப்பு கூட்டிய நீரைப் பாய்ச்சுவார்கள். சிலவற்றுக்கு அஸ்கார்பிக் அமிலம், சிலவற்றுக்குச் சாலிசிலிக் அமிலம், சிலவற்றுக்குச் சிட்ரிக் அமிலம் அல்லது குளுட்டதையோன், சிலவற்றுக்கு வெறும் நீர் என்று தெளிப்பார்கள். பிறகு இலையின் பச்சையம், செல்லுறைக் கசிவு, கொழுப்புச் சிதைவில் உண்டாகும் மலோண்டயால்டிஹைடு, சோடியம்-பொட்டாசியம் விகிதம், வேரின் உலர் எடை ஆகியவற்றை அளப்பார்கள். நடுத்தர உப்பில் தெளிப்புப் பெற்ற கன்றுகள் பச்சையத்தைக் கூடுதலாகக் காப்பாற்றுகின்றன, கசிவு குறைகிறது, வேர் எடை கூடுகிறது. இந்தப் போக்கு பல சோதனைகளிலும் தென்படுகிறது. உப்பு மிகவும் கூடிவிட்டால் வித்தியாசம் மங்கிப்போகும்.

சாலிசிலிக் அமிலம் இந்த வரிசையில் கொஞ்சம் தனி ஆள். வில்லோ மரப்பட்டையிலிருந்து வந்த, ஆஸ்பிரினின் உறவுக்காரர். அது பெராக்சைடை நேராக அடக்குவதில்லை, ஆபத்து வருகிறது தயாராகு என்று செடிக்குச் செய்தி சொல்கிறது. 1993இல் டேனியல் கிளெசிக் குழு புகையிலையில் சாலிசிலிக் அமிலம் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்தபோது, அது கேட்டலேஸ் நொதியாக இருந்தது. பெராக்சைடை உடைக்கும் அதே நொதியைச் சாலிசிலிக் அமிலம் மந்தப்படுத்தியது. அதாவது இது முதலில் பெராக்சைடைச் சற்று ஏற விட்டு, அந்த மிரட்டலால் செடியின் தற்காப்பைத் தட்டி எழுப்பலாம். அளவு குறைவாக இருந்தால் செடி சுதாரித்துக்கொள்ளும். அதிகமானால் மிரட்டல் நிஜமாகிவிடும். அதனால்தான் சோதனைகளில் பெரும்பாலும் 0.5 முதல் 1 மில்லிமோல் வரைதான் பயன்படுத்துகிறார்கள். ஒரு மில்லிமோல் என்றால் லிட்டருக்கு வெறும் 138 மில்லிகிராம். சமையல் தராசில் அளக்க முடியாத அளவு. வீட்டுத் தோட்டக்காரர்கள் தலைவலி மாத்திரையை வாளியில் கரைத்து ஊற்றுவதைத் தவிர்ப்பது நல்லது.

அஸ்கார்பிக் அமிலத்துக்கு நஞ்சுப் பயம் இல்லை, ஆயுள்தான் குறைவு. தெளிப்புக் கரைசல்கள் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆனால் காரத்தன்மையுள்ள நீரில், வெளிச்சத்தில், இரும்போ செம்போ கலந்த நிலையில் அது விரைவாகச் சிதைந்துவிடும். ஆழ்துளை நீரில் பைகார்பனேட் நிறைய, அதனால் காரமும் கூடுதல். காலையில் கலக்கி வைத்து மாலையில் தெளித்தால் தண்ணீரைத் தெளித்த பலன்தான். இன்னொரு பொறி செம்பு. திராட்சைத் தோட்டம் என்றாலே போர்டோ கலவை உண்டு. பிரான்சின் மில்லார்டே 1885இல் அறிமுகப்படுத்திய மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூசணக்கொல்லி. கூலியை மிச்சப்படுத்த இதையும் வைட்டமின் கரைசலையும் ஒரே தொட்டியில் கலந்துவிடும் வழக்கம் எங்கும் உண்டு. செம்பும் அஸ்கார்பேட்டும் சந்தித்தால் வைட்டமின் அழிவதோடு நிற்காது, ஃபென்டன் பதிவு செய்த அந்த வினைக்குத் தேவையான சரக்கும் தயாராகிறது. காப்பாற்ற வந்த தெளிப்பு, இலைமேலேயே முரடனை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி விடுவதே முறை.

மருந்துக் கடை வைட்டமின் சி மாத்திரையை ஒரு லிட்டரில் கரைத்தால் சரியாக 500 மில்லிகிராம் கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. சப்பிச் சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பகுதி சோடியம் அஸ்கார்பேட்டாக இருப்பது சகஜம், கூடவே சர்க்கரையும் நிறமியும். சோடியத்தால் தவிக்கும் செடிக்குச் சோடியம் கொடுக்கும் வேடிக்கை. அளவு சொற்பம்தான், மாத்திரைக்கு ஐம்பது மில்லிகிராமைச் சுற்றி. அதைவிடப் பெரிய தவறு கரைக்கும் நீரில் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் பாசன நீர்க் கையேடு, குளோரைடு லிட்டருக்கு 175 முதல் 350 மில்லிகிராம் வரை இருக்கும் நீர் இலைமேல் விழுந்தாலே திராட்சைக்குக் காயம் தொடங்கலாம் என்கிறது. வேரைத் தாண்டாமல் குளோரைடு நேரே இலைக்குள் நுழைந்துவிடும். எனவே தெளிப்புக்குப் பிடித்துவைத்த மழைநீரோ, மாநகராட்சிக் குழாயின் ஆற்றுநீரோ வேண்டும். குஷாய்குடாக்காரரின் ஆர்.ஓ. எந்திரத்தில் குடிநீராக வரும் பக்கத்துக்கு இங்கே ஒரு நியாயமான வேலை கிடைக்கிறது.

திராட்சை இலைக்குத் துளைகள் அடிப்பக்கத்தில்தான், மேல்பக்கம் மெழுகு. வெயில் இறங்கிய பிறகு, கீழிருந்து மேல்நோக்கி, இலை சொட்டாத அளவுக்குத் தெளிக்க வேண்டும்.

சந்தையில் இந்த வகைச் சரக்குகளுக்கு இப்போது சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்திய ஒன்றிய அரசு, ‘உயிர்த்தூண்டிகள்’ என்று ஒரு பிரிவையே உருவாக்கியது. வைட்டமின்களும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களும் கடற்பாசிச் சாறும் அதன் உட்பிரிவுகள். கடற்பாசி என்றதும் ராமநாதபுரம் நினைவுக்கு வரும். பாக் விரிகுடாவில் மூங்கில் தெப்பங்களில் மீனவப் பெண்கள் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியின் சாற்றைப் பயிர்களுக்குத் தெளிக்கும் நுட்பத்தை பாவ்நகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதன் கிளை மண்டபத்தில் இருக்கிறது. உப்பு ஆராய்ச்சிக்கென்று தொடங்கிய நிறுவனம் உப்பில் தவிக்கும் பயிருக்கும் வழி தேடியது பொருத்தம்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். கன்றுக்கு நாளைக்கு 5 லிட்டர் நீர், லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. 90 நாள் கோடையில் 450 லிட்டர், 450 கிராம் உப்பு. ஏறத்தாழ அரைக் கிலோ, அந்தச் சிறிய வேரைச் சுற்றி. எதிர்ப்பக்கம் தெளிப்பு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைசலில் கன்றுக்கு 100 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆறு தடவை. மொத்தம் 300 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம், அதிலும் இலைக்குள் போவது ஒரு பங்குதான். தெளிப்பு உப்பில் ஒரு துகளைக்கூட வெளியேற்றாது. அது உப்பின் பின்விளைவை, கொஞ்ச நாளைக்கு, கொஞ்சம் குறைக்கிறது. விற்பனைத் தாள்கள் இந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை.

உப்பை வெளியேற்றவோ வேரிலேயே தடுக்கவோ செய்வது வேறு வேலைகள். வடிகால் உள்ள மண்ணில் தேவைக்கு மேல் கொஞ்சம் நீர் விட்டு உப்பைக் கீழே அலசுவது, சோடியம் மிகுந்த நீரானால் ஜிப்சம் இடுவது, மேல்மண் ஆவியாகாமல் கரும்புச் சோகை மூடாக்கு போடுவது. சொட்டுநீர்ப் பாசனத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஈரம் பரவும் வட்டத்தின் விளிம்பில் உப்பு வளையமாகச் சேரும். ஜூனில் முதல் மழை லேசாகப் பெய்தால் அந்த வளையம் கரைந்து நேரே வேருக்குள் இறங்கும். மழை வந்துவிட்டதே என்று சொட்டுநீரை மூடுபவர்கள், பல நாள் காத்த கன்றை அந்த வாரத்தில் இழப்பதுண்டு. நல்ல மழை பெய்து மண் அலசப்படும்வரை சொட்டுநீர் ஓட வேண்டும்.

வேரிலேயே தடுக்கும் வேலையை வேர்ச்செடி செய்கிறது. இந்தியாவில் பரவிய டாக்ரிட்ஜ், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் காட்டுத் திராட்சை வழி வந்தது. அந்த மாநிலத்தின் காட்டுத் திராட்சைகளை வாழ்நாள் முழுக்கத் தேடித் திரிந்த டி.வி. மன்சனின் பெயரோடு சேர்ந்தது. செடிப்பேன் அழித்த பிரெஞ்சுத் தோட்டங்களைக் காப்பாற்ற வேர்ச்செடி அனுப்பியதற்காக 1888இல் பிரெஞ்சு அரசு மன்சனைக் கௌரவித்தது. டாக்ரிட்ஜுக்கு வீரியம் அதிகம், வறட்சியைத் தாங்கும். ஆனால் புனேயின் மாஞ்ச்ரியில் உள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி மையத்தின் சோதனைகளில், 110ஆர் என்னும் வேர்ச்செடிமேல் ஒட்டிய கொடிகளின் இலையில் சோடியம் டாக்ரிட்ஜைவிடக் குறைவாகச் சேர்ந்தது. இப்படி வேருக்கு வேர் மாறுபடுவதன் மரபணுக் காரணம் 2018இல் துலங்கியது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மேத்யூ கில்லிஹம் குழுவினர், எச்கேடி1;1 என்னும் புரதம் தண்டுக்கு ஏறும் நீரிலிருந்து சோடியத்தைப் பிடித்து வேரிலேயே நிறுத்துவதையும், அந்தப் புரதத்தில் உள்ள சிறு மாறுபாடுகளால் சில வேர்ச்செடிகள் இதில் கோட்டைவிடுவதையும் காட்டினார்கள். தெளிப்பு எத்தனை முறை செய்தாலும் இந்தப் புரதத்தின் வேலையைச் செய்யாது.

அப்படியானால் தெளிப்பு எதற்கு? பதிலைத் தோட்டத்து நாட்காட்டி சொல்கிறது. ஆகஸ்டில் ஒட்டுக் கட்ட வருபவர் முதலில் செய்வது, வேர்ச்செடியின் தலையைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வெட்டி எறிவது. கோடை முழுக்கத் தெளிப்பு வாங்கிய இலைகள் எல்லாம் அந்த வெட்டில் வரப்புக்குப் போய்விடும். மிஞ்சுவது பென்சில் பருமன் தண்டும் மண்ணுக்கடியில் இருக்கும் வேரும். மே மாதத்தில் இலை கருகாமல் இன்னும் மூன்று வாரம் பச்சையாக இருந்திருந்தால், அந்த மூன்று வாரச் சர்க்கரை வேராகியிருக்கும். தொட்டிச் சோதனைகளில் வேரின் உலர் எடையைத் தனியாக நிறுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். தண்டு போதிய பருமன் இல்லையென்றால் ஒட்டு கட்ட முடியாது, அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். ஒட்டு பிடித்து புதுத் தளிர் விட்டபின், அதன் இலைக்காம்புகளை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோடியமும் குளோரைடும் பார்க்கிறார்கள். அந்த அறிக்கையில் வரும் எண், வேர்ச்செடியையும் தண்ணீரையும் பற்றியது.